சொல் வரவில்லை, அறிவு போகவில்லை

1861 ஏப்ரலில் பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில், காலில் புண் புரையோடிய ஒரு நோயாளியை அறுவை மருத்துவர் பால் புரோக்கா பரிசோதித்தார். லெபோர்ன் என்ற அவர் எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றே பதில் சொல்வார். வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார் புரோக்கா. இடது கையை நான்கு முறை விரித்து மூடினார் லெபோர்ன்; பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 வருடம். கணக்கு சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்பது புரிந்து, கோபத்தில் தெளிவாகவே திட்டிவிட்டார்.

சில நாளில் அவர் இறந்தார். மூளையின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைப் புரோக்கா கண்டார். மருத்துவ வரலாறு அந்த இடத்துக்குப் புரோக்காவின் பெயரையே வைத்தது. ஆனால் அந்த விரல் கணக்கும் அதே அளவுக்கு முக்கியமானது என்பேன். பேச்சு போன மனிதருக்கு நினைவு இருந்தது, எண்ணிக்கை இருந்தது, ரோஷமும் இருந்தது.

இந்த நிலைக்கு இன்றைய பெயர் அஃபேசியா. பக்கவாதம்தான் முக்கியக் காரணம். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. நாக்கு குழறுவது வேறு. அது தசைகளை இயக்குவதில் வரும் கோளாறு. இங்கே மூளைக்குச் சொல்லே அகப்படுவதில்லை. சிலருக்குப் பேச்சு சரளமாக வரும், பொருள்தான் இருக்காது. பிறர் பேசுவதும் பிடிபடாது. இதை 1874-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார்.

இப்படிப் பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டில் நடப்பது என்ன? காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்துகிறோம். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறோம். டொரண்டோவில் ஆரா ககன் குழுவினர் இதற்கு மாற்று வழி கண்டார்கள். நோயாளிகளுக்குப் பதிலாக, அவர்களோடு உரையாடும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியே பெறாத நோயாளிகளும் முன்பைவிட நன்றாகக் கருத்தைத் தெரிவித்தார்கள். செய்தது பெரிய வித்தை இல்லை. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "மகன், மகள், வங்கி" என்று தாளில் பெரிதாக எழுதி, எதைப் பற்றிச் சொல்ல வருகிறார் என்று தொட்டுக் காட்டச் சொல்வது. புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்பது. அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லாமல் காத்திருப்பது.

ஆறு மாதம் போனால் இனி முன்னேற்றமே இல்லை என்று கைவிடுவதும் தவறு. பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஜெர்மனியில் வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் தீவிரப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாடப் பேச்சு மேம்பட்டது; அடுத்த ஆறு மாதமும் பலன் நிலைத்தது. 2017-இல் 'லான்செட்' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து பேச்சு பாதிக்கப்பட்டிருந்தால், பிசியோதெரபியோடு பேச்சுப் பயிற்சிக்கும் மருத்துவரிடம் கேட்டுப் பரிந்துரை வாங்குங்கள். வருடங்கள் கடந்திருந்தாலும் கேளுங்கள்.