630 மீட்டர் அலைப்பட்டை

630 மீட்டர் அலைப்பட்டை என்பது 472 முதல் 479 கிலோ ஹெர்ட்சு வரையுள்ள மத்திய அலைப் பகுதியாகும். 2012ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் இது அமெச்சூர் வானொலிக்கு இரண்டாம் நிலை ஒதுக்கீடாக வழங்கப்பட்டது. அமெரிக்காவில் 2017இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அருகிலுள்ள 500 கிலோ ஹெர்ட்சில்தான் கப்பல்கள் நெடுங்காலம் மோர்சு குறியீட்டில் அபாய அழைப்பு விடுத்து வந்தன.

இதில் பெரிய சவால் வான்கம்பியே. அலைநீளத்தின் கால் பங்கே சுமார் 158 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு உயரம் இயலாது. எனவே குட்டையான கம்பியுடன் பெரிய கம்பிச்சுருளைச் சேர்த்து ஒத்திசைக்கின்றனர். அப்போதும் ஆற்றலின் பெரும்பகுதி சுருளிலும் மண்ணிலும் வெப்பமாக வீணாகிறது. நூற்றில் ஒரு பங்கு மட்டுமே அலையாக வெளியேறினால், 1 வாட் கதிர்வீச 100 வாட் செலுத்த வேண்டும். இழப்பைக் குறைக்க மண்ணில் செம்புக் கம்பிகள் புதைக்கப்படுகின்றன.

அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 1 வாட். சில நாடுகளில் 5 வாட். ஆயினும் இரவில் அயனி மண்டலம் அலையைத் திருப்புவதால், மெதுவாக அனுப்பப்படும் எண்முறைக் குறிகைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. இரண்டாம் நிலைப் பயனர் என்பதால், விமான வழிகாட்டி நிலையங்களுக்கு இடையூறு செய்யக் கூடாது. உரிமம் இன்றி ஒலிபரப்பிப் பார்ப்பது சட்டப்படி குற்றமாகும்.