பியானோ ஒலிப்பதிவு: மைக்கை எங்கே வைப்பது?

கொல்கத்தா: பியானோ இசைத் தேர்வுகள் காணொலிப் பதிவு மூலமும் நடத்தப்படுவதால், வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பும் மாணவர்களுக்கு ஒலிவாங்கியை (மைக்) எங்கே வைப்பது என்பது முக்கியக் கேள்வியாகியுள்ளது.

பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம், லண்டன் டிரினிட்டி கல்லூரி ஆகிய தேர்வு அமைப்புகள் 2020ஆம் ஆண்டு முதல் இம்முறையைப் பின்பற்றி வருகின்றன. இசைப்படைப்புகளை வெட்டித் தொகுக்காமல் ஒரே தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டும். மாணவர் எவ்வளவு நுட்பமாக வாசித்தாலும், பதிவில் இடம்பெறாத நயம் தேர்வாளரைச் சென்றடையாது.

தெற்குக் கொல்கத்தாவில் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கு நீண்ட மரபு உண்டு. 1915ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக், பாலிகஞ்ச் பகுதியிலுள்ள சன்னி பார்க்கில் இயங்கி வருகிறது. அதற்கு அருகிலுள்ள கரியாஹாட், நகரின் நெரிசல் மிகுந்த கடைவீதிகளில் ஒன்று. மேம்பாலப் போக்குவரத்தும் வாகன ஒலிப்பான்களும் வீட்டு அறைக்குள் எளிதில் கேட்கும்.

நெருக்கம் தீர்வாகாது

தெரு இரைச்சலைத் தவிர்க்க ஒலிவாங்கியைக் கம்பிகளுக்கு மிக அருகில் வைப்பதுண்டு. தொலைவைப் பாதியாகக் குறைத்தால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் உயரும் என்பது உண்மையே. ஆனால், பியானோவின் ஒலி ஒரே இடத்திலிருந்து பிறப்பதில்லை. 27.5 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 4,186 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் 88 கட்டைகளின் அதிர்வை மரத்தாலான ஒலிப்பலகை முழுவதும் பரப்புகிறது. திறந்த மூடி அதை அறைக்குள் திருப்பிவிடுகிறது. மிக அருகில் வைத்தால் சில சுரங்கள் மட்டும் ஓங்கி ஒலிக்கும். சுத்தியல்களின் தட்டொலியும் மிகும்.

திரையிசைக்கு அது பொருந்தலாம். கருவியும் அறையும் இணைந்து ஒலிக்க வேண்டிய செவ்வியல் இசைக்குப் பொருந்தாது.

மூன்று முறைகள்

கிராண்ட் பியானோவின் மூடியை முழுமையாகத் திறந்து, அது திறக்கும் பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தொலைவில் ஒலிவாங்கிகளை நிறுத்துவது பொதுவான தொடக்கநிலை.

அனைத்துத் திசை ஒலிகளையும் ஏற்கும் இரு ஒலிவாங்கிகளை ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியில் வைப்பது முதல் முறை. கீழ்ச்சுரங்கள் இதில் செழுமையாகப் பதிவாகும். அறையின் குறைகளும் சேர்ந்தே பதிவாகும். பிரெஞ்சு வானொலி உருவாக்கிய ஓஆர்டிஎஃப் முறையில், ஒருதிசை ஒலிவாங்கிகள் இரண்டு 17 சென்டிமீட்டர் இடைவெளியிலும் 110 பாகைக் கோணத்திலும் அமைக்கப்படும். எக்ஸ்-ஒய் முறையில் இரண்டின் முனைகளும் ஒரே புள்ளியில் இணையும். விரிவு குறைந்தாலும், ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்கும்போது ஒலி சிதையாது.

கைப்பேசியில் கவனம்

பல கைப்பேசிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கிவிடும். மென்மைக்கும் வன்மைக்கும் உள்ள வேறுபாடே இதனால் மறையக்கூடும். ஆகவே, ஒலி அளவைக் கைமுறையாக அமைக்கும் செயலியைப் பயன்படுத்தி, மிக உரத்த பகுதியை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவைச் சற்று முன்னே நகர்த்தி, மேல்மூடியைத் திறந்து வைக்கலாம்.

சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கடைகள் திறப்பதற்கு முந்தைய அதிகாலையில் பதிவு செய்தால் இரைச்சல் வெகுவாகக் குறையும். ஒலிவாங்கியும் உரிய தொலைவிலேயே இருக்கலாம்.