விமானமோட்டியும் வைத்திய வினாப்பத்திரமும்

நமது கல்லூரியிற் பயின்று வெளியேறிய பழைய மாணவருட் பலர் இன்று பல நாடுகளிலே குடியேறி வாழ்கின்றனர். அவருட் சிலர் ஐக்கிய அமெரிக்காவின் குடிகளாகிவிட, அவர்தம் மக்களும் பேரரும் அந்நாட்டுப் பாடசாலைகளிலே கற்கின்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவனுக்கோ ஒருத்திக்கோ அந்நாட்டுப் படையிற் சேர்ந்து விமானமோட்டும் வேட்கை எழுமாயின், அதற்குக் கணிதமும் பௌதிகமும் உடலுரமும் வேண்டும் என்பதைப் பெற்றோர் எளிதில் உணர்வர். வைத்தியப் பரிசோதனை உண்டென்பதையும் கேள்வியுற்றிருப்பர். ஆனால் அப்பரிசோதனையிற் பலரைத் தடுமாறச் செய்வது நோய் பற்றிய வினாப்பத்திரம் ஒன்றே என்பதைப் பலர் அறியார். அதனைக் குறித்தே இவ்விழா மலரிற் சிறிது விளக்க எண்ணுகின்றோம்.

அமெரிக்க வான்படை, கடற்படை, தரைப்படை ஆகியவற்றின் கல்லூரிகளுக்கும், பல்கலைக்கழகங்களில் நடைபெறும் படையதிகாரிப் பயிற்சிக்கும் விண்ணப்பிப்போரின் உடற்றகுதியை ஆராய்வதற்குப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வைத்தியப் பரிசோதனை மீளாய்வுச் சபை என்றொரு சபை உண்டு. கொலராடோ மாநிலத்திலுள்ள வான்படைக் கல்லூரி வளாகத்திலே அது இயங்குகின்றது. இச்சபை ஒருவனைத் தகுதியுடையான் என்று கூறினால், அவன் அதிகாரியாவதற்குத் தகுதியுடையான் என்பதே பொருள். விமானமோட்டுவதற்கு வேறொரு பரிசோதனை உண்டு. வான்படை விண்ணப்பதாரி அதற்காக ஒகையோ மாநிலத்து ரைட்-பற்றர்சன் படைத்தளத்திலுள்ள வான்வெளி மருத்துவப் பாடசாலைக்குச் செல்வான். ரைட் சகோதரர் தம் விமானத்தைப் பழகிய புல்வெளியும் அத்தளத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றது. கடற்படையினர் புளோரிடாவிலுள்ள பென்சகோலாவிற் பரிசோதிக்கப்படுவர். அங்குள்ள நிலையத்தின் பெயரை முதலெழுத்துக்களாற் சுருக்கி ‘நாமி’ என்பர். நல்ல உடல்நலத்தோடு போனவன் ஏதோவொரு குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பிவருவதை ‘நாமி வாமி’ என்று மாணவர் பகிடியாகக் கூறுவது வழக்கம். பின்வந்த சொல் ஏறக்குறைய நம் ஊரார் கூறும் கண்ணூறு என்னும் பொருளுடையது. ஆங்கிலம் பேசுவோருக்கும் கண்ணூற்றில் நம்பிக்கை உண்டு போலும்!

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கடன்மட்டத்திலிருந்து 18,000 அடி உயரத்தில் வளியமுக்கம் அரைப்பங்காகக் குறைந்துவிடும். 35,000 அடி உயரத்தில் ஒட்சிசன் கிடையாது போனவனுக்குத் தன் செயலைத் தானே செய்யும் தெளிவு நிலைத்திருப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. போர்விமானம் கடுவேகத்தில் வளைந்து திரும்பும்பொழுது உடலின் பாரம் ஒன்பது மடங்கு வரை பெருகும். 5 கிலோ எடையுள்ள தலை 45 கிலோ எடையுடையது போற் கழுத்தை அழுத்தும். குருதி கால்களை நோக்கி இறங்க, முதலிற் பார்வை மங்கிக் குறுகும். பின்னர் நினைவு தப்பும். மேலே ஏறுந்தோறும் உடலினுள் அடைபட்ட வளி விரிகின்றது. தடிமன் பிடித்தவன் கீழே இறங்குகையில், தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையேயுள்ள நுண்குழாய் திறவாவிடின், செவிப்பறை கிழியும்படி நோவு எடுக்கும். தரையிலே முட்டு வருத்தமுடையவன் ஒரு கதிரையில் இருந்து மருந்தை உள்ளிழுத்து ஆறுதலடையலாம். சிறுநீரகக் கல் உடையவன் நோவு கண்டவுடன் ஆசுபத்திரிக்குப் போகலாம். ஒருவனே இருந்து ஓட்டும் போர்விமானத்தில் அவ்விரண்டுக்கும் இடமில்லை.

ஆயினும், விதிகள் என்றும் ஒரேபடியாக இருந்தன என்று எண்ணலாகாது. வான்படை விமானமோட்டியின் உயரம் 64 அங்குலத்திற்குக் குறையாமலும் 77 அங்குலத்திற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி 2020ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இப்பொழுது விமானத்தின் இருக்கைக்கு ஏற்ற உடலளவுகளே நோக்கப்படுகின்றன. நம்மவருட் குள்ளமானோரும், சிறப்பாகப் பெண்பிள்ளைகளும், இதனால் நன்மையடைவர். மூக்குக்கண்ணாடி அணிந்தவன் விமானமோட்ட முடியாது என்பதும் பழங்கதையாயிற்று. குறித்த அளவுக்குட்பட்ட பார்வைக் குறைவு ஏற்கப்படும். லேசர் சிகிச்சை செய்த கண்ணும் விதிகளுக்கமைய ஏற்கப்படுவதுண்டு. நிறக்குருடு மட்டும் பெரும்பாலும் நெகிழாத தடையாகவே இருந்துவருகின்றது.

இனி வினாப்பத்திரத்துக்கு வருவோம். அதில் நோய்களின் பெயர்கள் நீண்ட வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ‘எப்பொழுதாவது இருந்ததா, அல்லது இப்பொழுது இருக்கின்றதா’ என்று வினாவப்படும். இலக்கணம் படிப்பிப்போர் ஆகையால், ‘எப்பொழுதாவது’ என்னும் சொல்லிற் சற்றே தரித்து நிற்க விரும்புகின்றோம். பதினேழு வயதுப் பிள்ளை தன்னுடைய நிகழ்காலத்தை மனத்திற்கொண்டு விடையளிக்கின்றான். ஓடுகின்றான், நீந்துகின்றான், ஒரு குறையுமில்லை. ஆகவே ‘இல்லை’ என்று எழுதுகின்றான். வினாவோ அவன் பிறந்த நாள் முதலாகிய இறந்தகாலம் முழுவதையும் தழுவி நிற்கின்றது. நாலு வயதில் நடந்தது தாய்க்கே தெரியும். ஆகவே இப்பத்திரத்தைத் தாயை அருகில் வைத்துக்கொண்டு நிரப்புதல் நன்று.

ஈளை நோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிப்படி, 13ஆவது பிறந்தநாளுக்குப் பின் ஈளை இருந்ததாயின் அது தகுதியின்மையாகும். அதற்கு முன் வந்து நீங்கிய ஈளை அவ்வாறு தடையாகாது. இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. பதினான்கு வயதில் இருமலோடு வைத்தியரிடம் சென்ற பிள்ளைக்கு, வைத்தியர் நெஞ்சு இரைவதைக் கேட்டு ஓர் இன்ஹேலரைக் கொடுத்து, ஏட்டில் ‘ஈளை’ என்று எழுதிவிடுகின்றார். இரு வாரத்தில் இருமல் மாறிவிடுகின்றது. பிள்ளை அதனை மறந்துவிடுகின்றான். ஏட்டிலுள்ள சொல் மாறுவதில்லை. மூன்று ஆண்டுகளின் பின் வினாப்பத்திரம் வரும்பொழுது, ‘எனக்கு ஈளை இல்லையே, ஏன் எழுதவேண்டும்?’ என்று அவன் நினைப்பது இயல்பே. பெற்றோரும் அவ்வாறே நினைப்பர். ஆயினும், எழுதாது விடுவது அச்சொல்லை அழிக்கும் வழியன்று. அந்தச் சொல் பொருத்தமற்றது என்று காட்டுவதற்கு வேறு வழியுண்டு.

முதலாவதாக, அன்றைய வைத்தியக் குறிப்புக்களின் பிரதிகளைப் பெற்று, எத்தனை முறை மருந்து வாங்கப்பட்டது, கடைசியாக எப்பொழுது வாங்கப்பட்டது என்பவற்றைத் தெளிவாக்கலாம். இரண்டாவதாக, சுவாசப்பை நிபுணர் ஒருவர் மெதகோலின் என்னும் மருந்தைக் கொண்டு சோதனை செய்யலாம். அம்மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி முகரச் செய்து, ஒவ்வொரு முறையும் மூச்சை விசையோடு வெளிவிடச் செய்து அளப்பர். ஈளைக் குணமுடைய சுவாசக் குழாய் சிறு அளவிலேயே சுருங்கிவிடும். அக்குணம் இல்லாத குழாய் அவ்வளவு எளிதிற் சுருங்காது. இச்சோதனையின் பெறுபேறு மறுப்பதற்கு அரிய சான்றாகும். ‘ஆம்’ என்று எழுதி, அதன் கீழே நடந்ததை நாலு வரியில் விளக்கி, இச்சான்றுகளையும் இணைத்து அனுப்பியவனுடைய கோவை, ‘இல்லை’ என்று எழுதியவனுடையதைவிட மெதுவாகவே நகரும். இடையிலே சபை மேலும் பல விளக்கங்களைக் கேட்கும். மாதங்கள் கழியும். இதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

தகுதியில்லை என்ற தீர்மானம் வந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை. விதிவிலக்கு என்று ஒன்றுண்டு. அதனைச் சபை வழங்குவதில்லை. விண்ணப்பதாரியைத் தன்னிடம் சேர்க்க விரும்பும் கல்லூரியோ பயிற்சிப் பிரிவோ அவனுக்காக அதனை எடுத்து நடத்தும். எந்நோய்க்கு எந்நிலையில் விதிவிலக்குக் கிடைக்கலாம் என்பதை விளக்கும் கைந்நூல்களை வான்படையும் கடற்படையும் வெளியிட்டுள்ளன. அவற்றை எவரும் படிக்கலாம். ஊர்ப்பேச்சை நம்பி மனமுடைந்து போவோர் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

மறைத்தவனுடைய நிலையோ வேறு. முன்னாளில் விண்ணப்பதாரி சொன்னதே பெரும்பாலும் வேதவாக்காயிருந்தது. ஆட்சேர்ப்போருட் சிலர், ‘கேளாததைச் சொல்லாதே, கேட்டாலும் இல்லையென்று சொல்’ என்று ஓதிவிட்டதாகவும் கூறுவர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், படையில் ஆட்சேர்க்கும் பரிசோதனை நிலையங்களிலே புதியதொரு கணனி முறை புகுத்தப்பட்டது. அதன் வழியாகத் தனியார் வைத்தியரின் ஏடுகளும், வாங்கிய மருந்துகளின் விவரங்களும் பரிசோதிப்போருக்குத் தெரியவரலாயின. நினைவுக்கே வராத பழைய மருந்துத் துண்டுகள் வெளிவந்தமையால் விண்ணப்பங்கள் பல தடைப்பட்டன. அதே ஆண்டிலேயே, பல நோய்களுக்கு விதித்திருந்த கால எல்லைகளைக் குறைத்துப் பார்க்கும் பரீட்சார்த்தத் திட்டமொன்றும் தொடங்கப்பட்டது. உண்மை வெளிப்பட்ட பின்னரே விதி சற்று இளகியது என்பது கவனிக்கத்தக்கது. எல்லாரும் மறைத்துக்கொண்டிருந்த காலத்தில் விதியின் கடுமை எவருக்கும் தெரியவில்லை!

சட்டத்தின் நோக்கில், தன் தகுதி பற்றி அறிந்துகொண்டே பொய்யுரைத்து அல்லது மறைத்துப் படையிற் சேர்தலும் அதிகாரியாக நியமனம் பெறுதலும் குற்றமாகும். அமெரிக்கப் படைநீதிக் கோவையின் 104ஏ உறுப்புரை இதனைக் கூறுகின்றது. இங்கு ‘அறிந்துகொண்டே’ என்பதை அடிக்கோடிட்டுப் படித்தல் வேண்டும். உண்மையாகவே மறந்துபோனதும் மறைத்ததும் ஒன்றல்ல. மறந்தது பின்னர் நினைவுக்கு வந்தால் உடனே அறிவித்துத் திருத்திக்கொள்வதே வழி. மறைத்தவனுடைய இடர் பரிசோதனையோடு தீர்வதில்லை. சேவையை விட்டு நீங்கிய பின்னும் ஏடுகள் ஒன்றோடொன்று ஒப்புநோக்கப்படுகின்றன. முன்னாட் படைவீரராயிருந்து ஊனக் கொடுப்பனவு பெற்றுக்கொண்டே, அந்நோயைத் தெரிவிக்காது சிவில் விமானமோட்டி அனுமதி பெற்றிருக்கலாம் என்ற ஐயத்தில் ஏறக்குறைய 4,800 பேர் விசாரிக்கப்பட்ட செய்தி 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது.

குற்றமெல்லாம் இளைஞர்மீதே என்று கூறவும் நாம் துணியோம். நோயைச் சொன்னாற் பறப்பது பறிபோகும் என்ற அச்சம், நோயை மறைப்பதோடு நில்லாது வைத்தியரிடமே போகாதிருக்கச் செய்கின்றது. அமெரிக்க விமானமோட்டிகள் 3,765 பேரை வினாவி 2022இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கு 56 பேர், தம் தகுதியை இழந்துவிடுவோமோ என்றஞ்சி ஏதோவொரு வகையில் வைத்தியத்தைத் தவிர்த்ததாகக் கூறினர். மனநோய் விடயத்தில் இவ்வச்சம் இன்னும் கொடியது. 2015 மார்ச் 24ஆம் நாள் பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் ஜேர்மன்விங்ஸ் விமானமொன்றை வேண்டுமென்றே மோதச் செய்து, தன்னோடு 149 பேரையும் மாய்த்த துணை விமானமோட்டி, வேலைக்கு ஏற்றவனல்லன் என்று வைத்தியர் கொடுத்த துண்டுகளைத் தன் கம்பனிக்குக் காட்டாதிருந்தான். அது சிவில் விமானமாயினும், படையினரும் அந்நிகழ்ச்சியை மறக்கவில்லை. கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று பிள்ளையின் வலிப்பையும் ஈளையையும் ஒளித்துவைத்து, ஒளித்த காரணத்தாலேயே மருந்தும் ஒழுங்காகக் கொடாத குடும்பங்களை நாமும் அறிவோமல்லமோ?

ஒளியாது விட்டவர் உடனே பயனடைந்தார் என்பதற்கும் இல்லை. வான்படை விமானமோட்டியாயிருந்த டீக் சிலேற்றன் 1959இல் அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரருள் ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டார். அவருடைய இருதயத்துடிப்பு இடையிடையே ஒழுங்கு தவறுவதை வைத்தியர் அறிந்திருந்தனர். அதனாலேயே 1962இல், பயணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில், அவர் விலக்கப்பட்டார். பத்தாண்டுகள் தாம் பறவாது, பிறர் பறப்பதற்கு ஒழுங்கு செய்யும் பதவியிலிருந்தார். 1972இல் மீண்டும் தகுதி பெற்று, 1975இல், தமது 51ஆவது வயதில், அமெரிக்கரும் சோவியத்தினரும் விண்ணிலே சந்தித்த பயணத்திற் பங்குபற்றினார். கடற்படை விமானமோட்டியாகிய அலன் செப்பேட், அமெரிக்கருள் முதன்முதல் விண்ணுக்குச் சென்றவர். உட்செவி நோயால் தலைச்சுற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் தரையிலே நிறுத்தப்பட்டார். சத்திரசிகிச்சையின் பின் 1969 மே மாதத்தில் தகுதி மீண்டது. 1971 பெப்ரவரியிற் சந்திரனில் நடந்தார்.

விண்ணப்பிக்கக் கருதும் பிள்ளையுடைய பெற்றோர், உயர்பாடசாலையின் இறுதியாண்டுக்கு முந்திய ஆண்டிலேயே, பிள்ளையைப் பார்த்த வைத்தியர் யாவரிடமிருந்தும் ஏடுகளைக் கேட்டு வாங்கி, ஆண்டு முறைப்படி அடுக்கி வைத்தல் வேண்டும். ஊர் மாறி வந்தவர்களாயின் பழைய ஊரிலிருந்தும் வாங்குதல் வேண்டும். இதற்கே சில மாதங்கள் செல்லும். பிழையான பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருப்பின், அதனை எழுதிய வைத்தியரிடமே விளக்கக் கடிதம் கேட்கலாம். நிபுணரின் சோதனை வேண்டியிருப்பின், விண்ணப்பம் அனுப்புமுன்னரே அதனை முடித்துக்கொள்ளல் நலம். அனுப்பும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு பிரதியை வீட்டிலே வைத்துக்கொள்க. அடுத்த பரிசோதனையில் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்படும். முன்னெழுதிய விடைகளும் அவர்கள் கையில் இருக்கும்.