தமிழறிந்தார் இலத்தீன் பயிலுங்கால்

வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அவர்தம் செந்தமிழ் இலக்கணமும் அம்மொழியினதே. மொழிபெயர்ப்பின் துணையின்றி இவற்றைப் பயில வேண்டும் என்னும் வேட்கையே நாற்பது கடந்த எம்மை இலத்தீன் முதற்பாடத்தின்முன் அமர்த்தியது.

வேற்றுமை எமக்குப் புதிதன்று. 'புவெல்ல அக்ரிகொலம் விதெத்' எனின், பெண் உழவனைக் காண்கிறாள் என்பது பொருள். சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாது. இடர் வேறோரிடத்தே உள்ளது. தமிழில் இரண்டாம் வேற்றுமைக்கு 'ஐ' ஒன்றே உருபு. இலத்தீனிலோ பெயர்கள் ஐவகைப்பட்டு, வகைதோறும் ஈறு வேறுபடும். எண்ணும் வேற்றுமையும் ஓரீற்றிலேயே பிணைந்து நிற்றலின், உருபைத் தனியே பிரித்துக் காட்டலும் இயலாது.

அதனினும் கடிது பெயரடை. 'நல்ல' என்னும் நம் சொல் எப்பெயர்முன்னும் திரியாது நிற்கும். இலத்தீன் அடையோ பால், எண், வேற்றுமை மூன்றானும் பெயரோடு இயைய வேண்டும். உழவனைக் குறிக்கும் 'அக்ரிகொல' என்பதன் அகர ஈறு கண்டு பெண்பாலென மயங்கி, 'அக்ரிகொல பொன' என எழுதினோம். 'அக்ரிகொல பொனுஸ்' என்பதே வழக்கு. ஒலி ஒத்தல் வேறு, பால் ஒத்தல் வேறு என்பது இப்பிழையாலன்றி எமக்கு விளங்கியிராது.

'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிட்பழம். இலத்தீன் அச்சு நூல்கள் பெரும்பாலும் இந்நெடிலைக் குறியிட்டுக் காட்டுவதில்லை. தமிழில் எகர ஒகரங்களின் குறில் நெடிலை வரிவடிவில் வேறுபடுத்தியவர் எனப் போற்றப்படுபவர் அம்முனிவரே. அவர் வழங்கிய வரிவடிவிலேயே எம் இலத்தீன் சொற்பட்டியை எழுதி வைத்துக்கொண்டோம்.