இருபதெழுத்துத் தொடக்கி

பெருந்தொகை நூலொன்றிலே ஒரு பாட்டைத் தேடுபவர் முதலிற் புரட்டுவது பாட்டு முதற்குறிப்பகராதியையே. முதலிரண்டு சீர்கள் நினைவிலிருப்பின் பாட்டு அகப்பட்டுவிடும். ஓரசை மட்டும் நினைவிலிருப்பின் நூறு பாட்டுகள் வந்து நிற்கும். உயிர்களின் மரபெழுத்தாகிய டி.என்.ஏ.யைப் படிக்கப் புகுந்த அறிஞரும் இவ்வழியையே கைக்கொண்டனர் என்பது தமிழ் பயில்வோர்க்கு இனிய செய்தியாகும்.

அவ்வெழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. ஏ என்பதற்கு டி இணை; ஜி என்பதற்குச் சி இணை. ஓர் இழையைப் பார்த்து அதன் இணையிழையை எழுதிச் செல்லும் நொதி ஒன்றுண்டு. ஆயின், வெற்றிழையின்மேல் தானே பிள்ளையார் சுழியிட அதற்கு இயலாது. யாரேனும் எழுதிவைத்த சில எழுத்துகளின் வாலைப் பற்றியே அது மேலே எழுதும். அந்தச் சில எழுத்துகளையே ஆங்கிலத்திற் 'பிரைமர்' என்பர். அம்மொழியில் அரிச்சுவடிக்கும் அதுவே பெயர். சுவரின் முதற்பூச்சுக்கும் அதுவே. நாம் இங்குத் 'தொடக்கி' என்போம். 1977இல் பிரெடெரிக் சேங்கர் வகுத்த படிப்புமுறை இத்தொடக்கியைக் கொண்டே இயங்குகின்றது.

தொடக்கி எத்துணை நீளம் இருத்தல் வேண்டும்? பத்தெழுத்தால் அமையக்கூடிய சொற்கள் ஏறக்குறையப் பத்தரை இலட்சம். தேயிலையின் மரபுநூலோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துடையது. ஆகவே பத்தெழுத்துத் தொடக்கி அதில் மூவாயிரம் இடங்களில் தற்செயலாகவே பொருந்திவிடக்கூடும். இருபதெழுத்தாயின் சொற்கள் ஓர் இலட்சம் கோடிக்கு மேற்படும். தற்செயற் பொருத்தம் அரிதாகும். 18 முதல் 24 எழுத்து என்னும் வழக்கு இக்கணக்கோடு ஒத்துச் செல்வது. ஆயினும் தேயிலை நூலிற் பெரும்பகுதி கூறியது கூறல். ஆதலின் கணக்கை மட்டும் நம்பாது, அறியப்பட்ட எழுத்துத்தொகைகளோடு ஒப்புநோக்கியே தொடக்கியைத் தேர்வர்.

அடுத்தது சூடு. ஏ-டி இணைப்பு மெல்லியது, ஜி-சி வலியது. முன்னதற்கு 2 பாகை, பின்னதற்கு 4 பாகை எனக் கூட்டுவது எளிய கணக்கு. இனித் தொடக்கி தன்னோடு தானே பிணையலாகாது. சம்பந்தர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாயிருக்கும். பாட்டுக்கு அது அணி. தொடக்கியிலோ, பின்னிருந்து படிக்கும்போது இணையெழுத்துகள் எதிரெதிரே அமைந்துவிட்டால் அது கொண்டையூசிபோல் மடிந்து கிடக்கும், வேலை நடவாது. வாலின் கடையெழுத்துகள் மட்டும் பிழையாதிருத்தல் வேண்டும். நொதி பற்றுவது அதனையே. தொடக்கியை அடுத்து வரும் முப்பது நாற்பது எழுத்துகள் மங்கலாகவே தெரியும். ஆகையால் வேண்டிய பகுதிக்குச் சற்று முன்னரே அதனை நிறுத்துவர்.

இவையெல்லாம் மலைநாட்டார்க்கு எதற்கு என்று கேட்பாருளர். கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் வழி நெடுகக் கொழுந்தே. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் மழைக்காலத்தில் இளங்கொழுந்தையே தாக்கும். கொழுந்து குறைந்தால் பெயர் குறையும், கூலி குறையும். அந்நோய்க்குக் காரணமான பூஞ்சை உயிருள்ள இலையிலேயே வாழ்வது. தனித்து வளர்த்தெடுப்பது கடினம். இலையை அரைத்து எடுத்தாலோ, இலையின் எழுத்தும் பூஞ்சையின் எழுத்தும் கலந்தே வரும்.

1990இல் வைட், புரூன்ஸ், லீ, டெய்லர் என்னும் நால்வர் பூஞ்சைகளுக்கெனப் பொதுத் தொடக்கிகளை வெளியிட்டனர். அவற்றுள் ஐ.டி.எஸ். 4 என்பது: டிசிசிடிசிசிஜிசிடிடிஏடிடிஜிஏடிஏடிஜிசி. எண்ணிப் பாருங்கள்: எழுத்து இருபது, ஜியும் சியும் ஒன்பது, மேற்கூறிய கணக்கின்படி சூடு 58 பாகை. இலக்கணத்துக்கு இலக்கியம் எனலாம். இத்தொடக்கிகள் பல்லவிபோல் மாறாத பகுதிகளில் நிற்கும். இனத்துக்கு இனம் மாறும் சரணங்கள் நடுவே படிக்கப்படும். குறை என்னவெனில், அப்பல்லவி செடிக்கும் ஏறக்குறைய அதுவே. ஆகவே கொப்புள இலையில் இரண்டு பாட்டுகள் ஒருங்கே ஒலிக்கும், ஒன்றும் விளங்காது.

இதனைத் தவிர்க்க 1993இல் கார்டெஸ், புரூன்ஸ் இருவரும், பூஞ்சை செடியின் வேறுபடும் இடத்தைத் தேர்ந்து, ஐ.டி.எஸ். 1-எஃப் என்னும் தொடக்கியை அமைத்தனர். அதன் இருபத்திரண்டு எழுத்துகளில் ஜியும் சியும் எட்டே. நூற்றுக்கு நாற்பது இருத்தல் வேண்டும் என்னும் விதிக்கும் குறைவு. வாலோ வலிய எழுத்தில் முடியாது, ஏஏ என முடிகின்றது. விதி நூலார் கண்டால் முகஞ்சுளிப்பர். ஆயினும் உலகெங்கும் அது வழங்குகின்றது. இலக்கியத்தின் பின்னே வந்ததன்றோ இலக்கணம்! இடத்தேர்வு நன்றாயின் விதியின் சிறு மீறலைப் பொறுக்கலாம் என்பதே என் கருத்து.

பொறுக்கலாகாதது பிறிதொன்றுண்டு. தொடக்கி பொருந்தாதவிடத்து விடை வெற்றுத்தாளாக வரும். அதனைக் கண்டு "இலையில் நோய் இல்லை" என்று எழுதிவிடுதல் எளிது. அவ்விலைக்குரிய தோட்டமோ அடுத்த மழையிற் கொப்புளிக்கும். அதனால், நோயுள்ளதெனத் தெளிவாய் அறிந்த இலை ஒன்றையும், இலையே சேராத நீர் ஒன்றையும் உடன்வைத்தே சோதிப்பர். முன்னது எழுத்துத் தரல் வேண்டும். பின்னது வாளாவிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் சரிவந்த பின்னரே மூன்றாவது தாளைப் படிப்பர்.