உங்களுக்குத் தெரியுமா? பழைய பிக்கப்பின் ஸ்டியரிங்

1988 முதல் 1998 வரையிலான மாடல் செவர்லே சி/கே பிக்கப்புகள் அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. வயதான வண்டி நேர்சாலையில் இடமும் வலமும் அலைந்தால், பலரும் ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது.

முதலில் பார்க்க வேண்டியது ஐட்லர் ஆர்ம். பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்ம் ஒரு பக்கம் நடு ராடைத் தள்ள, மறுபக்கம் அதைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். இது மேலும் கீழும் ஆடினால் பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரத்தின் கோணம் மாறும்.

சோதிக்க இருவர் போதும். வண்டி தரையில் நிற்கட்டும், சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்கலாம். ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

தேய்ந்த மூட்டைக் கழற்றும்போது கவனம். நடு ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையில் (டை ராட் எண்ட்) உள்ள முளை கூம்பு வடிவம். நட்டைக் கழற்றினாலும் அது விடாது. முளையின் தலையில் அடித்தால் மரை கெடும். அது செருகியிருக்கும் ஆர்மின் பக்கவாட்டில் அடித்தால் பட்டென்று விட்டுக்கொடுக்கும். ஆனால் பிட்மேன் ஆர்மில் சுத்தியல் படவே கூடாது, அடி நேராகப் பாக்ஸுக்குள் போகும். அதற்குப் புல்லர்தான்.

டை ராட் குழாயின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. அதனால்தான் ராடைக் கழற்றாமல், குழாயை மட்டும் திருப்பி நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது.

இந்த இணைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக்காக ஜெர்மானியர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட இந்த வழிக்கு, 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மான். பெயரும் அவருக்கே நிலைத்துவிட்டது!

பாகம் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். டயரை ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால், டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது.

டை ராட் எண்டின் நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேர் வரவில்லையா? தளர்த்தாதீர்கள், இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள். பின் புதிதாக இருக்கட்டும், பழையதை மறுபடி வளைத்தால் உடையும்.