அட்டையின் முதல் மாத்திரை

வாழப்பாடிப் பக்கம் கருத்தடை என்றாலே ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் போகிறவர்கள், 'அப்படியே கு.க.வும் பண்ணிட்டு வந்துடலாம்' என்று முடிவு செய்துவிட்டுத்தான் சேலம் பஸ் ஏறுகிறார்கள். தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே மணமான பெண்களில் கிட்டத்தட்ட 58 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆனால் தூரத்தைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தெரியாத வீடு கிடையாது. மாரியம்மன் பண்டிகை, வீட்டில் கல்யாணம் என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி முழுங்கிவிடுவார்கள். அது நாரெதிஸ்டிரோன். சில நாள் ரத்தப்போக்கை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். அதைச் சாப்பிட்ட தைரியத்தில் கரு தங்காது என்று இருந்துவிடக் கூடாது.

கருத்தடைக்கென்று அரசு கொடுப்பது 'மாலா-என்'. துணை சுகாதார நிலைய நர்சம்மாவிடம் இலவசமாகவே கிடைக்கும். அதே மருந்து 'மாலா-டி' என்ற பெயரில் கடையில் குறைந்த விலைக்கு விற்கிறது. அட்டையில் 28 மாத்திரைகள். வெள்ளையாக 21, ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம். கடைசி ஏழு வேறு நிறம். அவை வெறும் இரும்புச்சத்து. அந்த வாரத்தில்தான் மாதவிடாய் வரும். 'இதுல மருந்து இல்லையாமே' என்று அந்த ஏழு மாத்திரைகளைத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் ஊரில் அது வீணடிப்பு. தினமும் ஒன்று என்ற பழக்கம் அறுபடாமல் இருப்பதற்காகவும்தான் அந்த ஏழு.

எந்த நாள் தொடங்குவது? மாதவிடாய் வந்த ஐந்தாம் நாள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை எப்போது தொடங்கினாலும் சரிதான். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கி, அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு முதிரும். முதல் சில நாட்களில் அந்த ஒன்று இன்னும் தேறியிருக்காது. அப்போதே வெளியிலிருந்து ஹார்மோன் போய்ச் சேர்ந்தால், முட்டைப்பையை வளர்க்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் உத்தரவு அடங்கிவிடும். ஐந்து நாள் கடந்தும் தொடங்கலாம். கரு இல்லை என்பது உறுதியாக வேண்டும், முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். சினைப்பையை அடக்கி வைக்க ஏழு மாத்திரை தொடர்ந்து போக வேண்டும் என்பதே அந்த ஏழின் கணக்கு. புதுமணத் தம்பதி என்றால் முகூர்த்தத்துக்கு முந்தைய மாதவிடாயிலேயே ஆரம்பித்துவிடுவது உத்தமம்.

முதல் அட்டையை நாள் பார்த்துத் தொடங்குகிறவர்கள் இரண்டாவது அட்டையில்தான் கோட்டை விடுகிறார்கள். மாதவிடாய் நிற்கட்டும், தலைக்கு ஊற்றிக்கொண்டு தொடங்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிவிடுவார்கள். ஏற்கெனவே ஏழு நாளாக ஹார்மோன் இல்லை. இன்னும் இரண்டு நாள் சேர்ந்தால் அடங்கிக் கிடந்த முட்டைப்பை மறுபடி வளரத் தொடங்கிவிடலாம். 28-வது மாத்திரை முடிந்த மறுநாளே, ரத்தப்போக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும், புது அட்டையைப் பிரித்தாக வேண்டும். நடுவில் ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு இரண்டாகப் போனாலும் பாதகமில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால் மாத்திரையைத் தொடர்வதோடு ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். விட்டது மூன்றாம் வார வெள்ளை மாத்திரை என்றால், வெள்ளையை முடித்துவிட்டு இரும்பு மாத்திரைகளைத் தாண்டி நேரே அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிற வீடுகளில் இன்னொரு சிக்கல். வீட்டுக்காரர் வடக்கே லோடு ஏற்றிப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அவர் இருக்கும் நாளில் மட்டும் சாப்பிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். போதாது. நாள்தோறும் மருந்து போனால்தான் சினைப்பை அடங்கிக் கிடக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு 'சாயா' இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழு உருவாக்கிய சென்ட்குரோமன் மருந்து இது. 1991-ல் 'சஹேலி' என்று கடைக்கு வந்து, 2016-ல் அரசுத் திட்டத்தில் சாயா ஆனது. மாதவிடாயின் முதல் நாளே முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும் என மூன்று மாதம். பிறகு ஞாயிறு மட்டும். மாதவிடாய் தள்ளிப்போவது இதில் சகஜம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் இது ஆகாது.

பிரசவமானவர்கள் கணக்கு வேறு. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மாலாவுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சாயாவுக்கு அந்தத் தடை இல்லை. பால் கொடுக்காதவர்களும் மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும், ரத்தம் உறையும் ஆபத்து அப்போதுதான் அதிகம். கருக்கலைந்த பிறகு அன்றைக்கே தொடங்கலாம். எந்த நாளாக இருந்தாலும் முதல் அட்டைக்கு முன் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம், காலில் ரத்த உறைவு, கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, ஈரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மாலா கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களும் சில வலிப்பு மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகள் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

'கல்யாணமான புதுசுல மாத்திரை சாப்பிட்டா கர்ப்பப்பை காய்ஞ்சுடும்' என்ற பெரியவர்களின் பயம் இன்னும் போகவில்லை. 1960-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் மாத்திரையான எனோவிடில் ஈஸ்ட்ரோஜன் வகை 0.15 மில்லிகிராம் இருந்தது. இப்போது இருப்பது 0.03. இரண்டும் ஒரே மருந்தல்ல, ஆனாலும் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். பிள்ளை வேண்டும் என்று நிறுத்தினால், பலருக்கு ஓரிரு மாதத்தில் முட்டை வெளிவரத் தொடங்கிவிடுகிறது. நிறுத்திய முதல் மாதமே கரு தங்குவதும் உண்டு.